சுத்தமாக விடைபெறும் திட்டம்

கணினி உலகத்தில் ஒரு நன்னடத்தை விதி உண்டு. உள்ளே வருகிறவர், "இன்னது நடந்தால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். வெளியே போகும்போது தம் கையாலேயே அந்தக் குறிப்பை அடித்துவிட்டுப் போக வேண்டும். அடிக்காமல் போனால் என்ன ஆகும்? நடக்க வேண்டியது ஒருநாள் நடக்கும். கணினி கடமை தவறாமல் அவரைக் கூப்பிடப் போகும். அங்கே ஆளும் இருக்காது, கதவும் இருக்காது. வீட்டையே இடித்துத் தரைமட்டமாக்கி இருப்பார்கள். கணினிக்கு இதைத் தாங்கும் மனசு கிடையாது. முகம் நீலம் பாரித்து மயங்கி விழுந்துவிடும்.

எங்கள் தீவின் ஹோபார்ட் துறைமுகத்தில் இருக்கும் கடல்மட்ட ஆணையத்தின் கணினி, வாராவாரம் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு இப்படித்தான் மயங்கியது. அந்த நேரத்தில்தான் சில்வியோ பெர்டோலி என்ற கருவிப் பணியாளர் படகுத்துறைக்குப் போய், கடல்மட்டம் அளக்கும் கருவியைக் கணினியோடு இணைக்கும் கம்பியைக் கழற்றி, கருவியின் குழாயை மேலே தூக்கி, அதில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுவார். ஆணையம் இதை மூன்று ஆண்டுகள் விசாரித்தது. செவ்வாய்க்கிழமை கணினிக்கு ஆகாது என்று முடிவு கண்டு, சில்வியோவைப் புதன்கிழமை சுரண்டச் சொன்னது. கணினி புதன்கிழமை மயங்கியது. செவ்வாய் மேல் பழி போட்டது தவறு என்று ஆணையம் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டு, மறுபடி செவ்வாய்க்கே மாற்றியது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் நொலீன் ஸ்ப்ராட். கருவிக்கும் கணினிக்கும் நடுவில் நின்று, இதன் பேச்சை அதற்கும் அதன் பேச்சை இதற்கும் எடுத்துச் சொல்லும் சின்ன நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அந்த டிரைவரைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் எழுதியவளும் அவள்தான். கம்பியைக் கழற்றினால் தன்னைக் கூப்பிடும்படி டிரைவர் ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தது. கம்பி கழன்றதும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. குறிப்பை மட்டும் அடிக்கவில்லை. நொலீன் ஒரே ஒரு வரி எழுதினாள்: போகும்முன் குறிப்பை நீக்கு. பிறகு தன் மேசையில் வைத்து நாற்பது தடவை கம்பியைப் பிடுங்கிப் பார்த்தாள். கணினி கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது.

இனி இயக்குநரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நொலீனுக்கும் அவசரம் இருந்தது. ஒரே இடத்தில் பத்து ஆண்டுக்கு மேல் குப்பை கொட்டியவர்களுக்கு எங்கள் ஊரில் நீண்ட விடுப்பு உண்டு. அவளுடைய விடுப்பு அடுத்த வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. அன்று மாலை டெவன்போர்ட்டில் கப்பல் ஏறி, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கேரவன் வீட்டோடு பெருநிலம் போய், மேற்குக் கடற்கரைவரை ஊர்சுற்ற வேண்டும். இந்தப் பயணம் ஏற்கெனவே மூன்று தடவை தள்ளிப்போயிருந்தது. மூன்று தடவையும் கணினி மயக்கம்தான் காரணம். கணவர் ஆலிஸ்டர் முப்பது ஆண்டுகள் கடலுக்கடியில் மூழ்கி அபலோனிச் சிப்பி எடுத்தவர். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன.

"இந்தத் தடவையும் தள்ளிப்போட்டேன்னா, கேரவனை விட்டுட்டு என்னை ஸ்ட்ரெச்சர்ல ஏத்திக்கிட்டுப் போ," என்று அவர் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவர் பட்ட பாட்டை நொலீன் பார்த்தாள்.

இயக்குநர் பெயர் லயனல் பக்கிள். எங்கள் ஊரில் இயக்குநரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். மரியாதையை எல்லாம் படிவங்களுக்கு ஒதுக்கிவைத்திருக்கிறோம். பக்கிள் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல 'நீக்கு'ன்னு இருக்கே நொலீன். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

இந்த இடத்தில்தான் நொலீன் வாழ்நாள் தவறைச் செய்தாள். உதாரணம் சொன்னாள்.

"நான் அடுத்த வெள்ளிக்கிழமை லீவுல போறேன் இல்லையா லயனல்? ஆனா தீ விபத்துப் பட்டியல்ல என் பேரு அப்படியே இருக்குன்னு வைங்க. மணி அடிச்சா, 'நொலீன் வந்து கதவைத் திறப்பா'ன்னு எல்லாரும் நிப்பீங்க. நான் எங்கயோ பாலைவனத்துல ஒட்டகத்தை வேடிக்கை பாத்துக்கிட்டு இருப்பேன். ஆபீஸ் கருகிடும். அதனால போறதுக்கு முன்னாடி பேரை அடிச்சுட்டுப் போகணும். என் டிரைவர் அதைச் செய்யலை. இந்த வரி செய்யும். அவ்வளவுதான் விஷயம்."

பக்கிள் தாளைக் கீழே வைத்தார். போன வாரம்தான் அவர், இயக்குநர்களுக்கான தலைமைப்பண்பு முகாமுக்காகத் திராட்சைத் தோட்டத்து விடுதி ஒன்றில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்திருந்தார். அங்கே எல்லா இயக்குநரிடமும் ஒரு புதுத் திட்டம் இருந்தது. ஒருவர் தம் அலுவலகத்தில் கூட்டங்களை நின்றுகொண்டே நடத்தினார். இன்னொருவர் வெள்ளிக்கிழமைகளில் யாரையும் செருப்பு போட விடுவதில்லை. பக்கிளிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மூன்று நாளும் பாலாடைக்கட்டி இருந்த மேசைப் பக்கமாகவே நின்று சமாளித்தார்.

"நொலீன், இது கணினி விஷயமே இல்லை. இது ஒரு தத்துவம்."

"இல்லை லயனல், கணினி விஷயம்தான். இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

"கையெழுத்து கிடக்கட்டும்."

கையெழுத்து அன்று முதல் கிடந்தது.

திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. 'சுத்தமாக விடைபெறும் திட்டம்' இன்று முதல் நடைமுறைக்கு வருகிறது. எந்த அலுவலரும் தம் பெயரில் பதிவாகியுள்ள அழைப்புகள் அனைத்தையும் முறைப்படி நீக்கிக்கொள்ளாமல் விடுப்பில் செல்லலாகாது. திட்டத்தின் முதற் பயனாளி என்னும் பெருமை திருமதி நொலீன் ஸ்ப்ராட் அவர்களைச் சாரும். கூடவே நாற்பத்தொரு பேருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பச்சைநிற நாடா வந்தது. 'நான் சுத்தமாகப் போவேன்' என்று அதில் அச்சடித்திருந்தது.

"இதை மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடாதே," என்றார் சில்வியோ. "கேள்வியே கேக்காம நேரா பிணவறைக்குத் தள்ளிட்டுப் போயிடுவான்."

நொலீன் ஊழியர் பிரிவுத் தலைவி யோலண்டா கிரிக்கிடம் போனாள். யோலண்டா கெட்டவள் இல்லை. விதிப்படி நடந்தால் உலகத்தில் யாருக்கும் கஷ்டம் வராது என்று உண்மையிலேயே நம்புகிறவள். அதனால்தான் அவளிடம் எல்லாரும் கஷ்டப்பட்டார்கள்.

"உங்க பேரு இருபத்தேழு பட்டியல்ல இருக்கு," என்று யோலண்டா வாசித்தாள். "தீ விபத்து, முதலுதவி, காலைத் தேநீருக்கு கேக் கொண்டுவர்ற முறை, கெட்டில்ல உப்புப் படிஞ்சா சுத்தம் பண்றது, கால்பந்துக் கணிப்பு, கார் நிறுத்தற இடத்து ஆட்காட்டிக் குருவி எச்சரிக்கை..."

"எல்லாத்துலயும் அடிச்சிடுங்க யோலண்டா."

"அடிக்கலாமே! பதிவு பண்ணினப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் கொடுத்திருப்பாங்க. அதைச் சொல்லுங்க. சொன்னாத்தான் நீக்க முடியும்."

"எனக்கு யாரும் எந்த எண்ணும் கொடுக்கலியே."

"அப்படின்னா நீங்க முறையாப் பதிவாகலை."

"நல்லதாப் போச்சு. பதிவே ஆகலைன்னா நீக்க வேண்டியதும் இல்லை. நான் கிளம்பறேன்."

"பதிவாகாததை எப்படி நீக்கறது? நீக்காம எப்படிப் போவீங்க?" யோலண்டாவின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. "முதல்ல இருபத்தேழுலயும் புதுசாப் பதிஞ்சுக்குங்க நொலீன். எண் வாங்கிக்குங்க. அப்புறம் ஒவ்வொண்ணா நீக்கிடலாம்."

எண் இருந்தால்தான் நீக்க முடியும் என்ற விதி நொலீனின் டிரைவருக்கும் உண்டு. கோபப்படக்கூட வழியில்லாமல் அவள் உட்கார்ந்து இருபத்தேழு படிவம் நிரப்பினாள். செவ்வாய்க்கிழமை, கணினி மயங்கிய அதே நேரத்தில், எண்கள் கைக்கு வந்தன.

அடுத்த விதி அப்போதுதான் வெளியே வந்தது. நிலுவையில் உள்ள அழைப்பு முடியும்வரை நீக்கம் செய்யலாகாது. கேக் பட்டியலில் அவள் முறை புதன்கிழமை நிலுவையில் இருந்தது. ஆகவே செவ்வாய் சாயங்காலமே கேக் சுட்டாள். கால்பந்துக் கணிப்பில் அவள் ஏற்கெனவே கடைசி இடத்தில் இருந்ததால் மனிதாபிமான அடிப்படையில் உடனே விடுவித்தார்கள். தீ விபத்துப் பட்டியலில் அடுத்த ஒத்திகை நவம்பரில்தான். நொலீன் கெஞ்சியதன் பேரில் அவளுக்காகவே வியாழக்கிழமை ஒரு சிறப்பு ஒத்திகை நடந்தது. ஆகஸ்டு மழையில் நாற்பத்தொரு பேரும் கார் நிறுத்துமிடத்தில் பச்சை நாடாவோடு நின்றார்கள். அங்கே ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. நாற்பத்தொரு பேர் ஒரே நேரத்தில் தன் வீட்டுக்குப் படையெடுத்ததை அது விரும்பவில்லை. பக்கிள் குடையைப் பறிகொடுத்தார்.

"தீ விபத்துப் பட்டியல் முடிஞ்சுது," என்றாள் யோலண்டா, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு. "ஆனா இப்ப குருவி எச்சரிக்கை நடப்புல வந்துடுச்சு. குஞ்சு பொரிச்சு நடக்கிறவரைக்கும் அதை முடிக்க முடியாது. ஒரு மாசம் ஆகும்."

நொலீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான்கு முட்டையும் நிம்மதியாகக் கிடந்தன. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என் பேருக்கு மாத்திக்கோ," என்றார் சில்வியோ. "எப்படியும் அது தினமும் என் மண்டையைத்தான் கொத்துது. எங்க ரெண்டு பேருக்கும் பழகிப்போச்சு."

ஆக இருபத்தேழும் முடிந்தன. வியாழக்கிழமை மாலை, நொலீன் பையை மாட்டிக்கொண்டு எழுந்தபோது யோலண்டா ஓடிவந்தாள்.

"இருபத்தெட்டாவதை மறந்துட்டோம்! சுத்தமா விடைபெறும் கமிட்டி. விடைபெறுகிறவங்கங்கிற முறையில உங்களை அதுல பதிஞ்சிருக்கோம். அதையும் நீக்கணும். நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டம். கடைசி அயிட்டம் அதுதான்."

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நாற்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். கமிட்டியில் இல்லாதவர் சுத்தத்துக்கு எதிரி என்று பேச்சு கிளம்பியிருந்ததால் எல்லாருமே கமிட்டியில் சேர்ந்திருந்தார்கள். டெவன்போர்ட் போகக் கேரவனோடு நாலு மணிநேரம் ஆகும். ஆறு மணிக்குக் கப்பலின் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆலிஸ்டர் வாசலில் காருக்குள் காத்திருந்தார். கடைசி அயிட்டம் வரும்போது மணி ஒன்றரை.

"விதி ஏழு," என்று யோலண்டா வாசித்தாள். "ஒருவருக்கான அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அவர் பெயரை நீக்கலாகாது." வாசித்துவிட்டு நிறுத்தினாள். "லயனல், இந்தக் கூட்டமே நொலீனுக்கான அழைப்புதானே?"

"ஆமா."

"அப்ப கூட்டம் முடிஞ்சப்புறம்தான் பேரை நீக்க முடியும்."

"சரி, கூட்டத்தை முடிச்சிடலாம்."

"கடைசி அயிட்டம் முடியாம கூட்டத்தை முடிக்க முடியாது."

"கடைசி அயிட்டம் என்ன?"

"நொலீன் பேரை நீக்கறது."

யாரோ பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்கள்.

நொலீன் எழுந்து நின்றாள். "இதே தப்பை என் டிரைவர்ல முதல் நாள் நானே பண்ணினேன் லயனல். கூப்பிட்ட வேலை நடக்கிறப்ப, அதுக்குள்ள உக்காந்துக்கிட்டே அந்தக் கூப்பிடலை நீக்கச் சொல்லிட்டேன். நீக்கறதுக்கு வேலை முடியணும், வேலை முடியறதுக்கு நீக்கணும். கணினி அப்படியே நின்னுடுச்சு. நான் சாப்பிட்டுட்டு வந்து பாத்தேன், அப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"மயங்கலியா?"

"மயங்கலை."

"பிழைன்னு ஏதாவது சொல்லுச்சா?"

"ஒண்ணும் சொல்லலை. சும்மா நின்னுச்சு."

பக்கிளின் முகம் மலர்ந்தது. "பிழை இல்லாம நிக்கறது நல்லதுதானே?"

"லயனல்! இதை உள்ள இருந்துக்கிட்டு நீக்கவே முடியாது. இந்தக் கூட்டத்துக்கு வெளியே இருக்கிற ஒருத்தர்தான் நீக்கணும்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெளியே யாரும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தொப்பியில் இரண்டு இடத்தில் குருவி கொத்திய ஓட்டையும், கையில் மசாலா போட்ட ஸ்காலப் சிப்பிக்கறி அடைத்த 'பை' என்ற பண்டம் இருந்த காகிதப் பொட்டலமுமாக ஆலிஸ்டர் நொண்டிக்கொண்டு வந்தார்.

"நொலீன், மணி ஒண்ணே முக்கால். வழியில சாப்பிட ஸ்காலப் பை வாங்கியாச்சு. வர்றியா, இல்லை நானும் குருவியும் மட்டும் போகட்டுமா?"

"இவர் இந்த ஆணையத்துல எந்தப் பிரிவு?" என்று பக்கிள் கேட்டார்.

"எந்தப் பிரிவும் இல்லை. நான் நொலீன் வீட்டுக்காரன்."

"வெளியாள்!" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவ்வளவு சந்தோஷத்தோடு யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை.

யோலண்டா படிவத்தை நீட்டினாள். ஆலிஸ்டர் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நொலீனின் பெயர் இருபத்தெட்டாவது பட்டியலிலிருந்தும் நீங்கியது. கைதட்டல் எழுந்தது.

"ஒரு சின்ன விஷயம்," என்றாள் யோலண்டா. "கையெழுத்துப் போட்டதால நீங்க இப்ப வெளியாளாப் பதிவாயிட்டீங்க. உங்க எண் நாற்பத்திரண்டு. நீங்க விடைபெறணும்னா..."

"இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா," என்று ஆலிஸ்டர் காகிதப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார். பொட்டலம் கொதித்தது. யோலண்டா இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு நின்றாள். அதற்குள் ஆலிஸ்டர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, தேய்ந்த முட்டியோடு, படியில் இறங்கிவிட்டார். மீதி நாற்பது பேரும், கமிட்டியிலிருந்து தங்கள் பெயரை நீக்க முடியாமல், ஐந்து மணிவரை அதே விதி ஏழில் மாட்டிக்கொண்டு இருந்ததாகவும், கடைசியில் சில்வியோ தீ மணியை அடித்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியதாகவும் கேள்வி.

கப்பல் கிடைத்தது. கதவு சாத்த ஏழு நிமிஷம் இருந்தது.

முதல் இரண்டு நாள் நொலீனுக்குச் சொர்க்கம். செல்போன் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் சிக்னல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தாள். முதல் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குக் கையில் எடுத்தே வைத்துக்கொண்டாள். பத்தே முக்கால், பதினொன்று. ஒன்றுமில்லை.

"ஆலி, உன் போன்லேருந்து எனக்கு ஒரு கால் போடேன்."

"பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்."

"போடேன்."

மணி அடித்தது. "நல்லாத்தான் இருக்கு," என்றாள் நொலீன். சொன்ன விதத்தில் துக்கம் இருந்தது.

விடுப்பில் போகிறவர்கள் இரண்டு வகை. ஆபீசிலிருந்து கூப்பிட்டால் திட்டுகிறவர்கள் ஒன்று. கூப்பிடாவிட்டால் மனம் உடைகிறவர்கள் இன்னொன்று. இரண்டும் ஒரே ஆள்தான். பதினெட்டாம் நாள், நல்லர்பார் சமவெளியின் விளிம்பில், செங்குத்துப் பாறைக்குக் கீழே தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளோடு புரண்டுகொண்டிருந்தன. ஆலிஸ்டர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நொலீன் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி, மணல்மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"கடல்மட்ட ஆணையம்," என்றது யோலண்டாவின் குரல்.

"யோலண்டா, நான் நொலீன் பேசறேன். சும்மாதான். கணினி எப்படி இருக்கு?"

"நீங்க கிளம்பினப்புறம் வந்த முதல் செவ்வாய்க்கிழமை மயங்கி விழுந்துச்சு. உங்களைக் கூப்பிடலாம்னு பாத்தோம். உங்க நம்பர் ஒரு பட்டியல்லயும் இல்லை." யோலண்டாவின் குரலில் பெருமை ததும்பியது. "அவ்வளவு சுத்தமா நீக்கியிருந்தோம்."

"அய்யோ, அந்த ஒரு வரி! லயனல் கையெழுத்துப் போட்டாரா?"

"அதுக்கு அவசியமே வரலை. கம்பியைக் கழட்டினாத்தானே மயங்குது? இனிமே கழட்ட வேண்டாம்னு லயனல் உத்தரவு போட்டுட்டார். அன்னிலேருந்து மயக்கமே இல்லை."

"கழட்டலைன்னா சில்வியோ சிப்பியை எப்படிச் சுரண்டறார்?"

"சுரண்டறதில்லை."

நொலீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "குழாய் அடைச்சுக்குமே! கடல்மட்டம் என்ன காட்டுது?"

"அதுதான் ஆச்சரியம்! பத்து நாளா ஒரே அளவுல இருக்கு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திட்டம் வந்தப்புறம் கடலே ஒரு நிதானத்துக்கு வந்துடுச்சுன்னு லயனல் அமைச்சருக்கு அறிக்கை அனுப்பியிருக்கார். வேற ரெண்டு துறையில இருந்து நம்ம திட்டத்தைப் பாக்க வர்றாங்க."

"யோலண்டா, அது கடலோட நிதானம் இல்லை, சிப்பி! லயனல்கிட்ட உடனே சொல்லுங்க!"

"சொல்லலாம். ஆனா யார் சொன்னதுன்னு பதியறது? உங்க பேருதான் எதுலயும் இல்லையே." யோலண்டா இரக்கத்தோடு யோசித்தாள். "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். உங்களைப் புதுசாப் பதிஞ்சு ஒரு எண் தர்றேன். அப்புறம் எப்ப எது நடந்தாலும் நாங்களே உங்களைக் கூப்பிடுவோம். ராத்திரி பகல்னு பாக்க மாட்டோம். தரட்டுமா?"

ஆலிஸ்டர் மூச்சிரைக்க மணல்மேட்டுக்கு வந்து சேர்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. அவளுடைய இடதுகை சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது.

"உன்னைக் கூப்பிடச் சொல்லி எழுதினதை எல்லாம் இருபத்தெட்டு இடத்துல அடிச்சாச்சு," என்றார். "நீயா கூப்பிடறியே, அதை எங்க போய் அடிக்கறது?"

நொலீன் பேனாவை எடுத்தாள். யோலண்டா சொல்லச் சொல்ல, எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். வேர்வையில் அழிந்துவிடப் போகிறதே என்று, கணவரின் உள்ளங்கையை வாங்கி, அதிலும் ஒரு தடவை எழுதிவைத்தாள்.